லெனார்ட் கோகனின் பாடலும் சமயப் பொருளும்

மக்கள் விரும்பிக் கேட்கும் மெல்லிசைப் பாடல்களில் சமயப் பொருள் காண்டல் தகுமோ என்னும் வினா மேலைத் திறனாய்வாளரிடையே பலகாலும் எழுவதாகும். கனடா நாட்டு மாண்ட்ரியலில் யூதக் குடியொன்றில் 1934-இல் பிறந்த லெனார்ட் கோகனைப் பொறுத்தவரை, அவர் இறப்பையே இதற்கு விடையாகக் காட்டுவோர் பலர். அவர் வாழ்நாளில் வெளிவந்த இறுதித் தொகுப்பாகிய ‘யூ வாண்ட் இட் டார்க்கர்’ 2016 அக்டோபர் 21-இல் வெளிவந்தது; நவம்பர் 7-இல் அவர் மறைந்தார். ஆகவே அப்பாடல்கள் தம் முடிவை முன்னுணர்ந்த ஞானியின் வாக்கு என்பர்.

இம்முறையை யாம் ஏலோம். இறப்பை ஏற்க ஆயத்தமாய் இருப்பதாக அவர் இதழொன்றிற்குக் கூறியது உண்மையே. ஆனால் அவ்வுரை வெளிவந்த சில நாள்களிலேயே, தாம் சற்று மிகைப்படுத்திவிட்டதாகவும் என்றென்றும் வாழவே எண்ணியுள்ளதாகவும் நகைபடக் கூறினார். முன்னதைப் போற்றிப் பின்னதை மறைத்தல் ஆராய்ச்சியாகாது.

பாடலையே நோக்குவோம். தொகுப்பின் தலைப்புப் பாடலில் ‘ஹினேனி’ என்னும் எபிரேயச் சொல் வருகின்றது. ‘இதோ, இருக்கின்றேன்’ என்பது அதன் பொருள். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில், மகனைப் பலியிடப் பணிக்கும் பொருட்டு இறைவன் அழைத்தபோது ஆபிரகாம் இறுத்த விடை அது. அதே பாடலில், யூதர் இறந்தார்பொருட்டு ஓதும் ‘கதீஷ்’ வழிபாட்டின் புகழ்மொழியும் எதிரொலிக்கின்றது. இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இன்றி இறைவன் பெயரை ஏத்துவதே கதீஷின் இயல்பு. கோகனோ அப்புகழ்மொழியை அடுத்து மனித உடல் பட்ட இழிவை வைக்கின்றார். ஏத்துதலும் குற்றஞ்சாட்டலும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. அதன் பின்னரே ‘ஹினேனி’ ஒலிக்கின்றது. வழக்குரைத்தவனே பணிகின்றான், பணிந்தும் வழக்கைக் கைவிட்டானல்லன். உடன் பாடுவோரும் அவர் இளமையிற் சென்ற ஷார் ஹஷோமாயிம் தொழுகைக் கூடத்துப் பாடகரும் குழுவினருமே. ஆதலின் அவ்விடை தனிமனிதன் உணர்ச்சியாக நில்லாது ஒரு வழிபாட்டுக் கூட்டத்தின் குரலாகின்றது. கோகன் இன்னும் இருபதாண்டு வாழ்ந்திருப்பினும் இப்பொருள் சிறிதும் குன்றாது என்க.

அவர் 1996-இல் ஜென் துறவியாக ஏற்கப்பெற்றமையை இதற்கு மாறாகக் காட்டுவர் சிலர். தாம் யூத நெறியை விட்டு நீங்கவில்லை என்பதை அவரே தெளிவாக்கியுள்ளமையின் அது தடையாகாது.

பெரிய தடை வேறொன்று. 1984-இல் வெளிவந்த ‘ஹாலெலூயா’ இன்று தேவாலயங்களிலும் பாடப்படுகின்றது. அப்பாடல் அமைந்த தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட அவர்தம் இசைத்தட்டு நிறுவனம் முதற்கண் மறுத்தது என்பதை இன்று கேட்போர் வியப்பர். அதில் தாவீது கண்ட நீராடும் பெண்ணும், சிம்சோனை நினைப்பூட்டும் கூந்தல் அறுத்தலும் உள. வழிபாட்டிற் பாடுவோர் பலர் இவ்வடிகளை நீக்கித் தூய சொற்களைப் பெய்கின்றனர். நாயகன்-நாயகி பாவத்தில் பயின்றார்க்கு இந்நாணம் வியப்பளிக்கும். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது: அங்குக் காதலன் இறைவனே, கோகனிடத்துக் காதலி மானிடப் பெண்ணாகவே நிற்கின்றாள். அவளிடம் தோற்றவன் வாயிலிருந்தே துதி பிறக்கின்றது. அவளை நீக்கியபின் எஞ்சும் துதி எவனுடையது என்பதை, நீக்கியவர்தாம் கூறல் வேண்டும்.