தவளை குதிக்கும்

மூன்று மாதமாக ஜப்பானிய மொழியின் ஆரம்பப் பாடங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும், தமிழனுக்குச் சுலபம் என்றார்கள். முதல் பாடத்திலேயே அந்தச் சுலபம் தீர்ந்துவிட்டது. 'ககுசெய்' என்றால் மாணவன், மாணவியும் அதுதான், மாணவர்களும் அதுதான். வினையில் திணை, பால், எண், இடம் எதுவும் ஏறுவதில்லை. 'இகு' என்று சொல்லிவிட்டால் போவது நானா, நீயா, அவர்களா என்பதைச் சந்தர்ப்பம்தான் சொல்ல வேண்டும்.

இது தெரிந்தபின் நம் ஹைக்கூ மொழிபெயர்ப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 1916இல் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய காலந்தொட்டு இவ்வடிவம் நமக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாகவே வந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழியில் ஒட்டிய தூசியையும் கவிதை என்று வாங்கி வைத்துக்கொண்டோம். 1686இல் பாஷோ எழுதிய தவளைக் கவிதையில் தவளை ஒன்றா பலவா என்பதே இல்லை. லாஃப்காடியோ ஹெர்ன் 1898இல் பல தவளைகள் என்று கொண்டார். மற்றவர்களுக்கு அநேகமாக ஒன்று. நாம் அந்த ஒன்றை எடுத்து, 'குதித்தது' என்று முற்றுப்புள்ளியும் வைத்துவிடுகிறோம்.

மூலத்தில் வினை 'தொபிகொமு'. அது முற்றாகவும் நிற்கும், அடுத்து வரும் பெயரைத் தழுவும் எச்சமாகவும் நிற்கும், உருவம் ஒன்றே. நம் 'செய்யும்' வாய்பாடு வேறென்ன செய்கிறது? தவளை குதிக்கும், தவளை குதிக்கும் ஓசை. அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. தவளையோ பால்பகா அஃறிணைப் பெயர். பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட இந்தச் சங்கதியெல்லாம் கைவசம் இருக்க, இங்கிலீஷுக்கு ஏன் கடன்பட்டோம்?

இலக்கண நச்சரிப்பு என்று சிலர் முகம் சுளிக்கலாம். 'குதித்தது' என்றதும் ஒரு சம்பவம் நடந்து முடிகிறது. கரையில் நின்று எவனோ அதைப் பார்த்துச் சொல்கிறான். எச்சமாக்கினால் தவளை ஓசைக்குள் போய்விடுகிறது. கேட்டது மட்டும் மிஞ்சுகிறது. எனக்கு இது சின்ன வித்தியாசமாகப் படவில்லை.

எல்லா இடத்திலும் இது பலிக்காது என்பதும் உண்மை. மனிதர் வந்தால் மாட்டிக்கொள்கிறோம். இஸ்ஸாவின் ஒரு கவிதையில் முள்ளங்கி பிடுங்கும் ஆள் வழி காட்டுகிறார். காட்டினான், காட்டினாள், காட்டினார்: இங்கிலீஷ் வினைகூட இவ்வளவு விசாரிப்பதில்லை. நானே இப்போது 'காட்டுகிறார்' என்று எழுதி, மூலத்தில் இல்லாத மரியாதையைக் கொடுத்துவிட்டேன். என் நோட்டில் அந்தக் கவிதை மூன்று விகுதிகளோடு அடித்தும் திருத்தியும் கிடக்கிறது.