ஒரே விடையுள்ள கேள்வி

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வரும் உறவினர், திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் தவறாமல் கேட்பது: "திடப்படுத்தல் எடுத்தாச்சா?" ஆராதனை ஒழுங்கு இந்தச் சொல்லை ஆளும் விதம் வேறு. அங்கே திடப்படுத்துகிறவர் கடவுள், பேராயரின் கை கருவி, பிள்ளை திடப்படுத்தப்படுகிறது. பிறவினையைத் தன் செயலாக 'எடுத்து'க்கொண்ட மக்கள் வழக்கை நான் பிழை என்று ஒதுக்கமாட்டேன். சடங்குக்குள்ளேயே தீராமல் கிடக்கும் ஒரு முரணை அது சரியாகத் தொட்டுவிடுகிறது. இது கடவுளின் செயலா, பிள்ளையின் செயலா? கத்தோலிக்கரின் 'உறுதிபூசுதல்' இந்த ஐயத்துக்கு அதிகம் இடம் தருவதில்லை. பூசுகிறவர் ஒருவர், பூசப்படுகிறவர் ஒருவர், நடுவில் ஆயர் அர்ச்சித்த தைலம். தென்னிந்தியத் திருச்சபையின் சடங்கில் கையும் சொல்லும் மட்டுமே உண்டு; ஆகவே சொல்லின்மேல் பாரம் கூடுதல்.

அந்தப் பாரத்தைச் சொல் தாங்குகிறதா என்பதே இங்கே கேள்வி.

கீழைத் திருச்சபைகளில் இந்தச் சிக்கலே இல்லை. கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் குழந்தை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு மூரோன் தைலம் பெறுகிறது. மேற்கில் இந்தச் செயல் ஆயருக்கே உரியது என்று ஒதுக்கப்பட்டது. ஆயரின் எல்லையோ பரந்தது. அவர் வரும்வரை குழந்தை காத்திருந்தது, காத்திருந்தே வளர்ந்தது. பதின்பருவம் இந்தச் சடங்குக்கு வாய்த்ததில் இறையியலைவிடத் தொலைவுக்கே பங்கு அதிகம். தமிழகமும் அந்தத் தொலைவை அறியும். இந்தியா முழுவதற்கும் ஒரே ஆங்கிலிக்கன் பேராயராகக் கல்கத்தாவில் இருந்த ரெஜினால்டு ஹீபர், 1826இல் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் திடப்படுத்தல் ஆராதனைகளை நடத்திய கையோடு, ஏப்ரல் 3 அன்று திருச்சியிலேயே இறந்தார். திருநெல்வேலிக்கெனத் தனிப் பேராயம் அமைந்தது 1896இல்தான்.

தொலைவு உண்டாக்கிய இடைவெளிக்குச் சீர்திருத்தக் காலம் ஒரு பொருளைக் கொடுத்தது: குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் செய்த வாக்கை, அறிவு வந்த வயதில் பிள்ளை தானே ஏற்கட்டும். 1662ஆம் ஆண்டின் ஆங்கில ஜெபப்புத்தகம் இதற்கென்றே ஒரு கேள்வியைச் சடங்கில் சேர்த்தது. ஆக, ஒரே ஆராதனையில் இரண்டு அடுக்குகள். கைவைத்தல் பழைய அடுக்கு, வாக்கை ஏற்றல் புதிய அடுக்கு. எது முதன்மையானது என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. ஆவியின் முத்திரை ஞானஸ்நானத்தைத் தொடர்ந்துவரும் இந்தச் செயலில்தான் என்று 1946இல் ஆங்கிலிக்க இறையியலாளர் கிரகரி டிக்ஸ் வாதிட்டார். ஞானஸ்நானமே முத்திரை என்று 1951இல் இன்னொரு இறையியலாளரான லேம்ப் மறுத்தார். அப்போஸ்தலர் நடபடிகளின் சமாரியா, எபேசு நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துப் பதினைந்து வயதுக்கென ஒரு சடங்கை எழுப்ப முடியாது. ஆகவே லேம்ப் பக்கமே நான் நிற்கிறேன். ஞானஸ்நானத்தில் குறை ஏதும் இல்லையென்றால் திடப்படுத்தலின் கனம் முழுவதும் பிள்ளை சொல்லும் விடையில்தான் இருக்க முடியும். கைவைத்தல் அந்த விடைக்குக் கடவுள் தரும் துணை.

1947இல் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபை இந்தச் சடங்கை, ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சபையின் முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு என்று விளக்கியது. பேராயர் மரபில்லாத சபைகளும் ஆங்கிலிக்கரும் ஒரே மேசைக்கு வர இது போன்ற தெளிந்த சொல் தேவைப்பட்டது. அந்த வகையில் இது ஒரு சாதனை. குறையும் அதே சொல்லில்தான் இருக்கிறது. 'முழு' ஐக்கியம் என்றால் அதுவரை அந்தப் பிள்ளை இருந்தது அரை ஐக்கியத்திலா? ஞானஸ்நானத்தின்போது சபையார் நடுவே நெற்றியில் சிலுவை வரைந்து ஏற்றுக்கொண்டது எதை?

ஒழுங்கின் எழுத்தைவிட வகுப்பின் நடைமுறை கவலை தருகிறது. பத்துக் கற்பனைகள், விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், இரண்டு திருவருட்சாதனங்கள் என்பதே பாடத்திட்டம். மனப்பாடத்தைப் பழிக்கும் இன்றைய வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினான்கு வயதில் நாவில் ஏறிய சொற்கள் நாற்பது வயதில் மருத்துவமனை வராந்தாவில் தாமாக வந்து நிற்கும். லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் இன்றளவும் நிலைப்பதற்கு அதன் நாவுக்கிசைந்த சுருக்கமும் ஒரு காரணம். ஆனால் ஞானோபதேசத்தின் வடிவத்திலேயே ஓர் எல்லை உண்டு. கேள்வியும் அதற்குரியது, விடையும் அதற்குரியது. பிள்ளையின் கேள்விக்கு அங்கே இடமில்லை.

பிள்ளைக்குக் கேள்வி இல்லாமல் இல்லை. பக்கத்து பெஞ்சில் இருக்கும் இந்துத் தோழி நல்லவள். அவளுக்கு என்ன ஆகும்? அம்மாவுக்காக வீடே ஜெபித்தது, அவள் பிழைக்கவில்லை, ஏன்? எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி சாதியைப் பற்றியது. ஒரே பேராயரின் ஒரே கை எல்லாத் தலைகள்மேலும் வைக்கப்படுகிறது. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறார்கள். பத்தாண்டு கழித்துத் திருமணப் பேச்சு வரும்போது அந்தத் தலைகள் மறுபடியும் பிரிக்கப்படுகின்றன. வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை இதை வகுப்புக்கு வரும்போதே அறிந்திருக்கிறது. அதைப் பேசாத வகுப்பு, தான் சொல்லும் மற்றவற்றின்மேலும் ஐயத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

பேசாததன் விலை என்ன என்பதைப் பெந்தெகொஸ்தே சபைகளின் முழுக்குத் தொட்டிகளில் பார்க்கலாம். திடப்படுத்தல் பெற்ற வாலிபர்கள் பிற்காலத்தில் ஆற்றிலோ தொட்டியிலோ மறுபடி மூழ்கி எழுவது நம் சபைகளுக்குப் புதிதல்ல. குருவானவர்கள் இதை உபதேசப் பிழை என்று கண்டிக்கிறார்கள். ஞானஸ்நானம் ஒன்றே என்பதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாலிபரின் வாயிலிருந்து வரும் காரணம், "அது எனக்காக மற்றவர்கள் எடுத்த முடிவு, இது நானே எடுத்தது" என்பதாக இருக்கிறது. திடப்படுத்தல் என்ற ஒழுங்கு ஏற்பட்டதே இந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு. சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல வாய்க்காததை அவர் வேறிடத்தில் போய்ச் சொல்கிறார்.

ஏன் வாய்க்கவில்லை? கேள்விக்கு ஒரே விடைதான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. திடப்படுத்தப்பட்டவருக்கும் அதற்கு ஆயத்தமாய் விரும்பி நிற்பவருக்குமே நற்கருணை என்ற ஜெபப்புத்தகத்தின் விதி நம் சபைகளில் வேர்விட்டது. அதன்மேல் மற்றவை ஏறின. சபைத் தேர்தலில் வாக்கு, நற்கருணை பெறும் உறுப்பினர் என்ற தகுதியோடு பிணைந்தது. திருமண ஓலை வாசிக்கும் நேரத்தில் திடப்படுத்தல் சான்றிதழ் தேடப்படுகிறது. இல்லாதவருக்கு அவசர வகுப்பு நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே 'முடித்துவிட' வேண்டும் என்று பெற்றோர் நாள் குறிக்கிறார்கள். இத்தனை வாசல்களுக்கும் ஒரே சாவி என்றான பின், பிள்ளை "ஆம்" என்பதில் விசுவாசம் எவ்வளவு, வசதி எவ்வளவு என்று யாரால் பிரித்தறிய முடியும்? நான் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. உண்மையாகவே நெஞ்சுருகி விடை சொல்லும் பிள்ளைகள் உண்டு. வெள்ளைச் சேலையின் முக்காட்டுக்குள் கண்ணீரோடு முழங்கால்படியிடும் பெண்பிள்ளையை அறியாத சபை இராது. அந்த விடையை மற்ற விடைகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் வழியைச் சபை தன் கையாலேயே அடைத்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

ஒப்பிட ஒன்று சொல்லலாம். பின்லாந்தின் லூத்தரன் திருச்சபையில் பதினைந்து வயதினர் ஏறக்குறைய ஆறு மாதம் ஆயத்தமாகிறார்கள். அதில் ஒரு வாரம் போல முகாம். ஏற்கெனவே திடப்படுத்தப்பட்ட சற்றே மூத்த இளையோர் அங்கே குழுக்களை நடத்துகிறார்கள். முறை என்ற அளவில் இது நம்முடையதைவிடப் பல படி மேல்: கேள்வி கேட்க ஒரு பதினாறு வயது அண்ணனோ அக்காவோ கிடைக்கிறார். பயன் என்ற அளவில் அவ்வளவு மேல் அல்ல. நாட்டின் பெரும்பாலான இளையோர் பங்கேற்றும் ஞாயிறு ஆராதனைகள் நிரம்பவில்லை. நல்ல முகாம் நல்ல விடைக்கு உறுதி தராது.

என் தீர்ப்பு இது. சடங்கின் எழுத்தில் வலிமை இருக்கிறது. கைவைத்தலை ஒருபோதும் விடவேண்டியதில்லை. வகுப்பு திருத்தத்தக்கது. திருத்தத்துக்கு இடம் தராமல் நிற்பது திருவிருந்தோடு போடப்பட்ட முடிச்சு, அதை அவிழ்க்கவேண்டும். ஞானஸ்நானம் பெற்ற சிறுவர் சிறுமியர் மேசைக்கு வரட்டும். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் ஏழு வயதையொட்டியே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நற்கருணையைத் திறந்தார். இங்கிலாந்துத் திருச்சபையும் 2006இல் திடப்படுத்தலுக்கு முன்பே பிள்ளைகளை ஏற்க விதிமுறை வகுத்தது. இதற்கு எதிர்வாதமும் கனமானதே. நற்கருணை முந்திய இடங்களில் உறுதிபூசுதல் வரிசையில் பின்தங்கி, தன் பொருளைத் தானே தேடும் நிலைக்கு வந்தது. இங்கும் எண்ணிக்கை குறையும். நாற்பது பேர் முழங்கால்படியிட்ட இடத்தில் பதினைந்து பேர் இருக்கலாம். அந்த இழப்பை ஏற்றே இதைச் சொல்கிறேன்.

அப்போது ஒரு பதினைந்து வயதுப் பையன் வகுப்பு முடிந்த மாலையில் குருவானவரிடம், "இன்னும் எனக்கு நிச்சயமில்லை ஐயா" என்று சொல்லலாம். அவனுடைய அம்மா ஊருக்கு முகம் காட்ட வெட்கப்பட வேண்டியதில்லை. பேராயர் வந்துபோன அடுத்த ஞாயிறு அவன் வழக்கமான வரிசையிலிருந்து எழுந்து, மற்றவர்களோடு அப்பத்துக்குக் கை நீட்டலாம். இரண்டு ஆண்டு கழித்து, வாலிபர் ஐக்கியக் கூட்டம் கலைந்த பிறகு அவனாகவே ஐயாவின் வீட்டுக் கதவைத் தட்டினால், அன்று அவன் சொல்வது விடை.