சாதகமும் கைப்பழக்கமும்

திருமுடிவாக்கம் பட்டறையில் இழைப்புளி தள்ளுகிற நம்ம பையனைப் பற்றிக் கேட்டால், ‘பழகிட்டான், அவ்வளவுதான்’ என்பார்கள். கூலியைக் குறைக்க அந்தச் சொல் போதும்.

டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றிய புத்தகம். பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி அய்யருக்கு 1966-இல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். அவர் தேடின நாதத்தைப் பலாக்கட்டையிலும் தோலிலும் கொண்டுவந்த பர்லாந்துக்கு? வித்வான் விடிகாலை எழுந்து பழகினால் சாதகம். இவர் பழகினால் கைப்பழக்கமாம்! எந்தத் தோல் எந்தக் கட்டைக்கு என்று முடிவு செய்யும் காதுக்குப் பேர் ஞானம் இல்லையா? கிருஷ்ணா இதை நேராகவே கேட்கிறார். (வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது.) எனக்கு உள்ள குறை வேறு: செய்தவன் சொல்கிறான், எழுதுவது இன்னமும் வித்வான்தான்.