மதி இறுகியதா, சொல் இறுகியதா?

சொல்லை நிறுத்துப் பார்த்து ஏற்பது மதுரைக்குப் பழைய பழக்கம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதும் இவ்வூரில்தான். மேலூரிலோ திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ புதிதாக ஆசிரியப் பணி ஏற்றிருக்கும் வாசகரே, ஒரு குழந்தையின் சான்றிதழிலோ பதிவேட்டிலோ நீங்கள் காணக்கூடிய இரண்டு பெயர்களை அவ்வாறு நிறுத்துப் பார்ப்போம். ஒன்று, நாளிதழ்களில் பரவலாக வழங்கும் 'மதி இறுக்கம்'. மற்றது, அரசு ஆவணங்களில் காணப்படும் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. இரண்டும் ஆட்டிசம் என்னும் நிலையைக் குறிப்பவை.

ஆட்டிசம் தொற்றுவதும் அன்று, மருந்தால் தீர்வதும் அன்று. அது மூளை வளரும் முறையில் உள்ள வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைப் பொறுக்காமை ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படலாம். இன்னொரு குழந்தை சிறு உதவியுடன் தானே படித்து முன்னேறலாம்.

பழைய பொருளின் நிழல்

'ஆட்டிசம்' என்ற சொல்லை 1910-ஆம் ஆண்டையொட்டி ஆக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர். 'தான்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதன் வேர். மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்கிப்போவதையே அவர் அச்சொல்லால் குறித்தார். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அச்சொல்லை எடுத்துக்கொண்டார். 'உலகை விட்டு ஒதுங்கியவர்' என்ற பழைய பொருளும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஏன் ஒதுங்கினர்? தாயின் பாசக்குறைவே காரணம் என்றனர் சிலர். தாய்மார் பல ஆண்டுகள் இப்பழியைச் சுமந்தனர். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருமுட்டையில் தோன்றிய 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருமுட்டைகளில் தோன்றிய 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை. மரபின் பங்கிற்கு இது வலுவான சான்றாயிற்று. பிழையான பெயர் பிழையான விளக்கத்துக்கு வழிவிடும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

மதியா இறுகியது?

'மதி' என்றால் அறிவு. அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளிடையே 2020-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், அறிவுத்திறன் அளவு தெரிந்த ஆட்டிசக் குழந்தைகளுள் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உடையவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர். மற்ற 62 பேருக்கு இப்பெயர் எப்படிப் பொருந்தும்? 'இறுக்கம்' என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பழகிய ஒழுங்கு மாறினால் இக்குழந்தைகள் தவித்துப் போவார்கள். ஆனால் அது மாற்றத்தைத் தாங்குவதில் உள்ள இடர்ப்பாடு, அறிவின் இறுக்கமன்று.

இரண்டாவது பெயரோ உண்மையைத் தலைகீழாக்குகிறது. இக்குழந்தைகளில் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்துவிடுகிறது என்பதே சிக்கல். மற்றவர் பொருட்படுத்தாத மின்விசிறியின் ஓசை அவர்களை வாட்டலாம். தண்டவாளத் துண்டில் அடிக்கும் பள்ளி மணிக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழாக் கூட்டமும் வேட்டுச் சத்தமும் தாங்க முடியாதவை ஆகலாம். சிலருக்கு மாறாக, வலியோ சூடோ எளிதில் உறைப்பதில்லை. புலன்களின் இந்த மிகையும் குறையும் 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

ஒரு மாணவன் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் எந்த எண் பேருந்து எங்கே போகிறது என்று பிழையின்றிச் சொல்கிறான் என வைத்துக்கொள்வோம். அவனையா புற உலகச் சிந்தனையற்றவன் என்பது? "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா?" என்றே திருப்பிச் சொல்லும் சிறுமி கேலி செய்யவில்லை. பல வேளைகளில் அதுவே அவளுடைய விடை. பேச்சைக் கற்கும் அவளுடைய வழி.

வகுப்பறையில் விளையும் தீங்கு

இது வெறும் சொல்லாராய்ச்சிதானே என்று நீங்கள் கேட்கலாம். 'சிந்தனையற்றவன்' என்று படித்த ஆசிரியர், அவனுக்குப் பாடம் எதற்கு என்று எண்ணிக் கடைசி வரிசையில் உட்கார்த்திவிடக்கூடும். ஆண்டு முழுதும் அவனைத் தொல்லை செய்யாமல் விட்டதையே கருணை என்றும் நினைப்பார். இழப்பு அக்குழந்தைக்கு.

சொல்லை நம்பாமல் குழந்தையைக் கவனிப்பவர் வேறு விதமாகச் செய்வார். அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து வரிசையாக ஒட்டிவைப்பார். மணி அடிக்குமுன் சைகையால் தெரிவிப்பார். ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைச் சுருக்கமாகச் சொல்லி, விடைக்குப் பொறுமையாகக் காத்திருப்பார். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தமாட்டார். பேருந்து எண்களைக் கொண்டே கூட்டல் கற்பிப்பார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும், எல்லாருக்கும் மேலாகப் பெற்றோரையும் கலந்துகொள்வார்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றுவிட்டது. சட்டம் திருந்திய பிறகும் சொல் திருந்தாமலிருப்பது முறையன்று. 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்பதை நாம் ஏற்கவில்லையா? நல்ல தமிழ்ச்சொல் அமையும்வரை 'ஆட்டிசம்' என்றே எழுதலாம். அதன் வேரிலும் குறை உண்டுதான். ஆயினும் தமிழ்ச் செவிக்கு அது தவறான பொருள் எதையும் ஊட்டுவதில்லை. புதுச்சொல் ஆக்க விரும்பும் தமிழன்பர்கள், அகராதியைத் திறக்குமுன் இக்குழந்தைகளோடு சில நாட்கள் வகுப்பறையில் அமர்ந்து பார்ப்பது நலம்.