வெட்டுவாயும் வெண்கலமும்: வாங்கேச்சி முட்டுவின் கலை குறித்து

நைரோபியில் 1972இல் பிறந்து அமெரிக்காவில் சிற்பம் பயின்ற வாங்கேச்சி முட்டுவின் கொலாஜ் எனும் ஒட்டுப்படங்களில் நம் பார்வை முதலில் தங்குவது முகங்களிலன்று; வெட்டுவாய்களிலேயே. கருப்பை நோய்களை விளக்கும் பழைய மருத்துவப் படத்தாள்கள்மீது, இதழ்களிலிருந்து கத்தரித்த கண்களையும் உதடுகளையும் ஒட்டி, 12 பெண்முகங்களை அவர் 2000களின் நடுவில் உருவாக்கினார். கறுப்பினப் பெண்ணை நோயாகக் கண்ட பார்வையும் நுகர்பொருளாகக் கண்ட பார்வையும் அங்கு ஒரே முகத்தில் மோதுகின்றன. ஒட்டு மறைக்கப்படாமையே குற்றச்சாட்டாகிறது. அழகென நெருங்குபவர் அருவருப்பில் நின்றுவிடுவர்; கலைஞர் வேண்டுவதும் அதுவே.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக முகப்பில், 1902 முதல் வெறுமையாய்க் கிடந்த மாடங்களில், 2019இல் அவர் அமர்த்திய நான்கு வெண்கலப் பெண்களோ வேறு வகையினர். கிரேக்கக் கோயில்களிலும் ஆப்பிரிக்கத் தலைவர்களின் இருக்கைகளிலும் பாரம் சுமந்த பெண்ணுருவை, எதையும் சுமக்காமல் உட்கார வைத்தார் முட்டு. கருத்தளவில் இது பெரிய விடுதலைதான். எனினும் வெண்கலத்தில் வெட்டுவாய் இல்லை. உருவம் முழுமையுற்று, கம்பீரமாய், தன்னை அழைத்த நிறுவனத்தின் பெருமைக்கே இசைந்துவிடுகிறது என்று நாம் கருதுகிறோம். தலைகளில் பதித்த வட்டத் தகடுகள் வெயிலில் சுடர்ந்து கண்ணைக் கூசவைத்தன. தாளில் இருந்த உறுத்தலின் மிச்சம் அவ்வளவே.