ஒரு கணித விவரணப் படமும் தீவக மாணவரும்

கணித அச்சத்தைப் போக்கத் தொலைக்காட்சி விவரணப் படங்களை வகுப்பில் காட்டவேண்டும் என்று ஆசிரிய நண்பர் பலர் கூறிவருகின்றனர். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விவரணப் படமும் ஒரு கலைப் படைப்பே. எத்தகைய வாழ்க்கை நோக்கை அது இளம் உள்ளங்களில் ஊன்றுகிறது என ஆராய்வது திறனாய்வின் கடமையாகும்.

இவ்வகையில் பெரிதும் போற்றப்படுவது, பேர்மாவின் இறுதித் தேற்றம் பற்றி 1996இல் பி.பி.சி.யின் 'ஹொறைசன்' வரிசையில் வெளிவந்த படம். சைமன் சிங், ஜோன் லிஞ்ச் ஆகியோரின் ஆக்கம் அது. ஒன்பதும் பதினாறும் சேர்ந்து இருபத்தைந்தாவதுபோல், இரு வர்க்கங்கள் சேர்ந்து இன்னொரு வர்க்கமாகலாம். ஆனால் நேர் முழு எண்களின் கனங்களிலோ அதற்கு மேற்பட்ட அடுக்குகளிலோ அவ்வாறு ஒருபோதும் நிகழாது என்பது பேர்மாவின் கூற்று. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிறுவப்படாதிருந்த இதனை அன்ட்ரூ வைல்ஸ் நிறுவிய வரலாறே படத்தின் பொருள்.

1993 ஜூனில் வைல்ஸ் தம் வெற்றியை அறிவிக்கிறார். பின்னர் நிறுவலில் ஒரு பிழை வெளிப்படுகிறது. 1994 செப்டெம்பரில் அது தீர்கிறது. அக்கணத்தை நினைவுகூரும்போது அவர் நாத் தழுதழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மாணவனைத் தலைகுனியச் செய்யும் நமது கல்விமுறைக்கு இக்காட்சி ஓர் அறை. பிழையும் உழைப்பின் ஒரு படியே என்று உணர்த்தியமை இப்படத்தின் மெய்யான சிறப்பு.

எனினும், மாடியறையில் ஏழாண்டு தனித்திருந்து தவமியற்றிய மேதை என்ற சித்திரமே மாணவன் மனத்தில் எஞ்சுகிறது. தனியாமா, ஷிமுரா என்னும் ஜப்பானியர் வகுத்த கருதுகோளும், பிறை, றிபெற் ஆகியோர் காட்டிய தொடர்பும், பிழை தீர்க்கத் துணைநின்ற றிச்சட் டெய்லரின் உழைப்பும் இன்றி அவ்வெற்றி ஏது? பலர் சேர்ந்து இழுத்த தேரில் ஒருவரை மட்டும் ஏற்றிக் காட்டுவது வரலாறாகாது.

தீவகத்து மாணவர் சிலருக்கு இப்படத்தைக் காட்டி, ஆங்கில உரையாடலை இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கினோம். முடிவில் ஒரு மாணவன் எழுந்து, "ஏழு வருஷமா அவருக்குச் சம்பளம் ஆர் ஐயா குடுத்தது?" என்றான். வகுப்பு சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. வைல்ஸ் அப்போது பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர். படம் கேளாத கேள்வியை, கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை கேட்டுவிட்டான்.

இன்னொன்றும் உண்டு. பத்து வயதுச் சிறுவனாக வைல்ஸ் இப்புதிரை முதன்முதற் கண்டது, தம் ஊர்ப் பொது நூலகத்து நூலொன்றில். ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை அறிந்த நாம், இச்செய்தியை எங்ஙனம் எளிதாகக் கடந்துசெல்வோம்? குறிகட்டுவானிலிருந்து படகேறவேண்டிய நெடுந்தீவுக்குக் கடல் கொந்தளிக்கும் நாளில் நூலும் போகாது, ஆசிரியரும் போகார். அங்கே வெறும் படம் மட்டும் ஒளிர்ந்தால், தனக்கு எட்டாத உலகொன்றை மாணவன் வேடிக்கை பார்ப்பான், அவ்வளவே.

ஆகவே படம் வேண்டாம் என்கிறோமா? அன்று. அதனைப் பாயிரமாகக் கொள்க. நூல் பின்னர் தொடங்கவேண்டும். அத்திவாரம் வெட்டும் மேசன்மார் மூன்று, நான்கு, ஐந்தடி நூல் பிடித்து மூலை பார்ப்பதை நம் மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். பேர்மாவின் புதிருக்கு வாயில் அங்கேயே திறந்திருக்கிறது. ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று என அடுத்த மூன்றெண்களை அவர்களே தேடிக் காணட்டும். அதற்கு வேண்டிய நூலும் ஆசிரியரும் தீவுகளுக்கு வந்துசேரவேண்டும் என்று கோருவதும் கணித ஆசிரியரின் பணியே. நம் அனைவரின் பணியுமாகும்.