‘கருத்தம்மா’வும் ஸ்கேன் கருவியும்

மகளிர் தினத்தையொட்டி எங்கள் கல்லூரியில் ‘கருத்தம்மா’ திரைப்படத்தைக் காட்டினார்கள். பாரதிராஜா இயக்கி 1994-ல் வெளிவந்த படம். குடும்பநலம் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருதும் பெற்றது. அது வந்த காலத்தில் நான் பள்ளியில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. முழுவதுமாகப் பார்த்தது இப்போதுதான். இயற்பியல் கற்பிப்பவர்களுக்குச் சினிமா விமரிசனத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். படம் சொல்லாமல் விட்ட விஷயம் என் பாடத்தைச் சேர்ந்தது. அதனால்தான் துணிந்தேன்.

கதை பலருக்கும் தெரிந்ததே. மொக்கையன் ஓர் ஏழை விவசாயி. ஏற்கெனவே பெண் குழந்தைகள் இருக்க, மேலும் ஒரு பெண் பிறக்கிறது. அதைக் கொன்றுவிடுமாறு மருத்துவச்சியிடம் சொல்கிறான். ஊர்ப் பள்ளி ஆசிரியர் குழந்தையைக் காப்பாற்றி எடுத்துச் சென்று வளர்க்கிறார். அவள் டாக்டராகித் திரும்பி வந்து, நோயில் விழுந்து கிடக்கும் தந்தைக்கே சிகிச்சை செய்கிறாள். வீட்டிலேயே வளர்ந்த கருத்தம்மாவோ அதே தந்தைக்குத் தாயாக இருந்து பணிவிடை செய்கிறாள்.

படத்தின் தொடக்கப் பகுதியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கொல்லச் சொல்லும் தந்தை அரக்கனாகத் தோன்றவில்லை. சீருக்கும் கடனுக்கும் அஞ்சி நடுங்கும் சாதாரண மனிதனாகவே தோன்றுகிறான். அப்பாத்திரத்தில் நடித்த பெரியார்தாசனும் ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்பது எங்கள் ஆசிரியர் அறையில் பெருமையாகப் பேசப்பட்ட செய்தி! உசிலம்பட்டிப் பக்கத்துச் சிசுக்கொலைகள் 1986-லேயே பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே தலைகுனிய வைத்தன. தமிழக அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. செய்தித்தாளில் எண்ணிக்கையாக இருந்த துயரத்தை மக்கள் மனத்தில் பதித்தது இப்படம்தான்.

ஆனால் படம் முடிந்து மாணவர்கள் பேசத் தொடங்கியதும் எனக்கு உறுத்தல் ஏற்பட்டது. “அந்தக் காலத்துப் பட்டிக்காட்டு மூடத்தனம்” என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படமே அப்படித்தான் பிரித்துக் காட்டுகிறது. குற்றம் குடிசையில் நடக்கிறது. மீட்சி படிப்பின் உருவில் வெளியூரிலிருந்து வருகிறது.

படம் வெளியான அதே 1994-ல்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைத் தடுக்கும் சட்டம் அது. அச்சட்டம் குடிசையில் வாழும் மருத்துவச்சியைக் கருதி இயற்றப்பட்டதன்று. கருவி வைத்திருந்தவர்கள் படித்தவர்கள். இன்று சில நூறு ரூபாய் செலவிட்டால் நாளை சில லட்சம் வரதட்சணை மிச்சம் என்ற பொருளில் பம்பாயில் 1980-களில் பகிரங்கமாக விளம்பரங்கள் செய்யப்பட்டன.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைச் சிறிது பார்ப்போம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டனர். மறுதலையாக, மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் படிகம் அதிர்ந்து, காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும். முதல் உலகப் போரின்போது லாங்ஜெவின் இதைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேட முயன்றார். பின்னர் உலோகத்திலுள்ள வெடிப்பைக் கண்டறிய இது பயன்பட்டது. அந்தத் தொழிற்சாலைக் கருவியைத்தான் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டு நோயாளிகளின் வயிற்றைச் சோதிப்பதற்கு ஏற்றதாக மாற்றினார்; 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். நம் உடலின் மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். 3.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வர விநாடியில் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே பிடிக்கும். எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்த கருவி இது. இதைக் கற்பிக்கும்போது என் குரலில் பெருமிதம் ஏறுவதை நானே உணர்ந்திருக்கிறேன்.

இனி மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். இயற்கையில் ஆண் பிறப்பு சற்றே அதிகம். 1,000 ஆண்களுக்குச் சுமார் 950 பெண்கள் பிறப்பார்கள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில், 1,000 ஆண்களுக்குப் பஞ்சாபில் 1991-ல் 875 பெண்கள் இருந்தனர், 2001-ல் 798. அரியானாவில் 879 என்றிருந்தது 819 ஆயிற்று. இரண்டுமே செழிப்பான மாநிலங்கள். 2001-ல் நாடு முழுவதிலும் கிராமங்களில் 934, நகரங்களில் 906! டாக்டரும் கருவியும் நிறைந்த நகரத்தில்தான் பெண் குழந்தைகள் மேலும் குறைவு. நம் சேலம் மாவட்டமும் தப்பவில்லை. அங்கே 2001-ல் 851. அடுத்த பத்தாண்டில்தான் 900-ஐத் தாண்டியது.

பெண்ணாகவே பெறுகிறாள் என்று மனைவியை ஏசும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோமைப் பொறுத்தது. 1905-ல் மாவுப்புழுக்களை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி. இவ்வுண்மை பள்ளிப் பாடத்தில் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் ஏச்சு ஓயவில்லை.

படத்தின் மீது எனக்குள்ள பெரிய குறையைச் சுட்டிக் காட்டியவர் முதலாண்டு கணித மாணவி ஒருவர். “அந்தப் பொண்ணு டாக்டராகாம, சும்மா ஊர்ல களை பறிச்சிக்கிட்டு இருந்திருந்தா, அவங்கப்பா செய்ய நினைச்சது சரியாயிடுமா சார்?” என்று கேட்டார். மேடையிலிருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. மொக்கையன் போட்டது ஒரு கணக்கு: பெண் என்றால் செலவு. படம் அதற்கு எதிர்க் கணக்குப் போடுகிறது: ஒருத்தி டாக்டராகி வைத்தியம் பார்ப்பாள், இன்னொருத்தி கடைசிவரை கஞ்சி ஊற்றுவாள், ஆகவே பெண் என்றால் வரவு. பம்பாய் விளம்பரமும் அதே பேரேட்டில் எழுதப்பட்டதுதானே? ஆண் பிள்ளை உயிரோடிருக்க இப்படிப் பயன் காட்ட வேண்டியதில்லை. ஊர் சுற்றித் திரிந்தாலும் அவன் பிள்ளைதான்.

கருவியைத் திட்டிப் பயனில்லை என்பதற்குத் தென்கொரியா சான்று. 1990-ல் அங்கு 100 பெண்களுக்கு 116-க்கும் மேற்பட்ட ஆண்கள் பிறந்தனர். 2007 அளவில் விகிதம் இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. கருவிகள் அங்கு குறையவில்லை. பெண்கள் வேலைக்குப் போனார்கள். முதுமைக்கு மகனை மட்டும் நம்பியிருக்கும் நிலை தளர்ந்தது. ஆணையே குடும்பத் தலைவனாகக் கொண்ட பதிவு முறையும் 2008-ல் ஒழிந்தது.

எனினும் ‘கருத்தம்மா’வைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். படம் முடிந்ததும் பஞ்சாப், அரியானா, சேலம் எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். எங்கள் கல்லூரியில் அது தோன்றவில்லை. மறுநாள் வகுப்பில்தான் எழுதினேன்.